மீனின் நிறம், பாசியின் கடன்

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டி இருக்கிறது சுண்ணாம்புக்குளம். அதைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தால் இறால், நண்டு, மடவை, கொடுவா என்றுதான் பேச்சு போகும். பாசிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. வலையில் சிக்கினால் உதறுகிறார்கள், படகில் படிந்தால் சுரண்டுகிறார்கள். சென்னையில் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவருக்கும் பாசி பகைதான். கண்ணாடியில் பச்சை படர்ந்தால் தேய்த்துக் கழுவிவிட்டு, கடையில் வாங்கிய குருணைத் தீவனத்தைத் தூவுகிறார். ஆறே மாதத்தில் சிவந்த மீன் வெளுத்துப் போனதும் தண்ணீரைக் குறை சொல்கிறார், மீன் விற்ற கடைக்காரரைக் குறை சொல்கிறார். பெரும்பாலும் குறை தீனியில் இருக்கிறது. பாசியை மீனுக்குக் கொடுக்கும் கூடுதல் டானிக்காக நினைப்பது தலைகீழான பார்வை. பாசிதான் மீனின் உணவுக்கு அடித்தளம். நாம் விற்கும், வாங்கும் தீவனங்கள் அந்த அடித்தளத்தை விட்டு வெகுதூரம் விலகி வந்துவிட்டன. இதை நிறுவச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை, முதல் சான்று ஏரியிலேயே இருக்கிறது.

இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில், சிறு பகுதி தமிழ்நாட்டில். ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டு வருகின்றன. கோடையில் முகத்துவாரம் மணலடித்து அடைபடும்போது ஏரி கடலைவிட உப்பாகிவிடுவதும் உண்டு. ஆழம் குறைவு என்பதால் வெயில் அடிமண் வரை இறங்குகிறது, அந்தச் சேற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத டயாட்டம்களும் நீலப்பச்சைப் பாசிகளும் மெல்லிய படலமாக வளர்கின்றன. இருளர் பெண்கள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்களே, அந்தச் சேறுதான் அது. இறால் அங்கே திரிவதற்குக் காரணமே அந்தப் படலமும் அதில் மக்கிக் கிடக்கும் பொருள்களும்தான். மடவை சேற்றை உறிஞ்சிப் பாசியை வடித்துக்கொண்டு மணலை உமிழ்கிறது. செத்தக்கெண்டை இழைப்பாசியைக் கடித்துத் தின்கிறது. இவற்றைத் தின்று கொடுவா கொழுக்கிறது. குளிர்காலத்தில் வந்திறங்கும் பெரிய பூநாரையின் இளஞ்சிவப்பும் இந்தச் சேற்றிலிருந்து வருவதுதான். சாம்பல் நிறத்தில் பொரிக்கும் அதன் குஞ்சு, பாசியையும் பாசி தின்ற சிற்றுயிர்களையும் வருடக்கணக்கில் வடிகட்டித் தின்ற பிறகே சிவக்கிறது. உயிர்க்காட்சிச் சாலைகளில் நிறமிச் சத்தில்லாத தீனி போடப்பட்ட பூநாரைகள் வெளுத்துப்போனதும், பிறகு தீனியில் அந்தச் சத்தைச் சேர்த்ததும் ஊரறிந்த கதை.

பூநாரைக்குச் சரி, மீனுக்கும் அப்படித்தானா? மீனின் தோலில் நிறத்துக்கென்று தனித்தனி உயிரணுக்கள் உண்டு. கறுப்பைத் தரும் மெலனினை மீன் தானே தயாரித்துக்கொள்ளும். வெள்ளிப் பளபளப்பும் நீலமும் பெரும்பாலும் நிறமிகளே அல்ல. குவானின் படிகங்கள் தோலுக்குள் அடுக்கடுக்காக நின்று ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம் அவை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய மூன்றும்தான் முக்கியமாகக் கரோட்டினாய்டுகளால் ஆனவை. எந்த மீனாலும் கரோட்டினாய்டை அடிப்படையிலிருந்து உருவாக்க முடியாது. தாவரமும் பாசியும் சில பூஞ்சை, பாக்டீரியாக்களும் உருவாக்கியதை நேராகத் தின்றோ, தின்றதைத் தின்றோதான் அது பெற வேண்டும். தின்றதை மாற்றியமைக்கும் திறன் இனத்துக்கு இனம் வேறுபடும். தங்கமீனும் கோய் கெண்டையும் ஸியாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமியை அஸ்டாஸாந்தின் என்ற சிவப்பாக மாற்றிக்கொள்ளும், கடலில் வாழும் பல மீன்களுக்கு அது கைவராது. ஆகவே, ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியைப் போட்டால் எல்லா மீனும் எல்லா நிறத்திலும் ஜொலிக்கும் என்று தீவனப் பொட்டலத்தில் அச்சடிப்பது அறிவியல் அல்ல. ஸ்பைருலினாவில் ஃபைகோசயனின் என்ற அழகான நீலப் பொருள் இருக்கிறது, அதைத் தின்று எந்த மீனும் நீலமாவதில்லை.

இந்தக் கடன் கணக்கை மிகக் கவனமாக ஆராய்ந்தவர்கள் கப்பி மீனை எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் கொசுப்புழுவை ஒழிக்கக் கிணற்றிலும் சாக்கடையிலும் விடும் அதே மீன்தான், தாயகம் டிரினிடாட்டும் அதையடுத்த தென்னமெரிக்கக் கரையும். டிரினிடாட்டின் மலையோடைகளில் சில அடர்ந்த காட்டுக்குள் ஓடுகின்றன, சில வெட்டவெளியில் ஓடுகின்றன. வெயில் படும் ஓடையில் பாசி மிகுதி, நிழலோடையில் குறைவு. கிரெகரி கிரெதரும் உடனாய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, பாசி குறைந்த ஓடையின் ஆண் கப்பிகளின் ஆரஞ்சுப் புள்ளிகளில் கரோட்டினாய்டு குறைந்திருப்பதைக் காட்டியது. அதற்குப் பத்தாண்டு முன்பே ஆஸ்ட்ரிட் கோட்ரிக்-பிரவுன், உடன்பிறந்த ஆண் மீன்களைப் பிரித்து ஒரு சாராருக்குக் கரோட்டினாய்டு கலந்த தீனியும் மறுசாராருக்கு அது இல்லாத தீனியும் கொடுத்தார். பெண் மீன்கள் நாடியது முதல் சாராரை. பரம்பரை ஒன்றே, தட்டில் விழுந்தது மட்டும் வேறு. ஒட்டுண்ணி தொற்றிய ஆண் கப்பிகளின் ஆரஞ்சு மங்குவதையும் 1992இல் ஆன் ஹூடும் அவருடன் ஆய்ந்தவரும் காட்டினார்கள். பெண் கப்பி அந்த நிறத்தைப் பார்த்து ஆணைத் தேர்ந்தெடுக்கும்போது, அவன் எவ்வளவு நன்றாகத் தின்றான், எவ்வளவு நலமாக இருக்கிறான் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கப்பியின் ஆரஞ்சு முழுவதும் தீனியால் வருவதல்ல. டிரோசாப்டரின் என்ற சிவப்பு நிறமியை அது தன் உடலிலேயே தயாரித்து, கரோட்டினாய்டோடு அதே புள்ளியில் கலக்கிறது. அப்படியானால் பாசி கிடைக்காத மீன் டிரோசாப்டரினைக் கூட்டிக் குறையை மறைத்துக்கொள்ளாதா? ஓடைகளில் அளந்து பார்த்தபோது அந்த ஈடுகட்டல் தென்படவில்லை. கரோட்டினாய்டு கூடிய இடத்தில் டிரோசாப்டரினும் கூடியிருந்தது, குறைந்த இடத்தில் குறைந்திருந்தது. சொந்தச் சரக்கு பாசியின் கடனைத் தீர்க்கவில்லை.

நிறத்தோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை, வயிறும் இருக்கிறது. பாசி தின்னும் மீனின் குடல் உடலைவிடப் பலமடங்கு நீளமாகச் சுருண்டு கிடக்கும். மீனை வேட்டையாடும் மீனுக்குக் குடல் குட்டை. செத்தக்கெண்டை, மோலி, ஆப்பிரிக்க ஏரிகளின் பாறைச் சிக்லிட்கள் முதல் வகை. கொடுவா, ஆஸ்கர், பைட்டர் இரண்டாம் வகையை நோக்கிச் சாய்பவை. கடையில் எல்லாருக்கும் ஒரே டப்பாவை நீட்டுகிறார்கள். மீன்தூளும் கோதுமை மாவும் மிகுந்த அந்தத் தீவனம் வேட்டை மீனுக்கு ஓரளவு பொருந்தும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்து வாழும் மீனுக்கு, இருவேளை கொழுத்த விருந்து வைப்பது போல அது. இதிலும் வயதைப் பார்க்க வேண்டும். செத்தக்கெண்டையே குஞ்சாக இருக்கும்போது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பூச்சிகளைத்தான் நாடும், வளர்ந்த பிறகே பாசிக்கு மாறும். பிறந்த குஞ்சுக்கு மொய்னா, ஆர்ட்டீமியா போன்ற சிற்றுயிர்களைக் கொடுக்காமல் பாசித்தூளைத் தூவினால் குஞ்சு மிஞ்சாது. ஆனால் அந்த மொய்னா எதைத் தின்று வளர்கிறது? பச்சைத் தண்ணீரை. ஜப்பானில் மோட்டோசாக்கு ஃபுஜினாகா 1930களில் இறால் குஞ்சுகளை ஆய்வகத்தில் காப்பாற்ற முடிந்தது ஸ்கெலிடோனீமா என்ற டயாட்டத்தை வளர்த்து ஊட்டியதால். இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து இறால் பொரிப்பகங்களில் கீட்டோசெரஸ் பாசி வளர்க்கும் அறை இல்லாமல் வேலை நடக்காது. குஞ்சு மீன் பாசியை நேரில் தின்னாவிட்டாலும் ஒரு படி தள்ளி அதைத்தான் தின்கிறது.

எந்தப் பாசி என்ற கேள்விக்கு நம் மாநிலத்திலேயே பழைய அனுபவம் இருக்கிறது. சென்னைத் தரமணியில் 1977இல் தொடங்கிய முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்திரியும் ஜீஜி பாயும் ஸ்பைருலினாவைக் கிராமத்தார் வளர்க்கக்கூடிய பயிராக மாற்ற முயன்றார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது குழந்தைகளின் வைட்டமின் ஏ பற்றாக்குறை, மீன் அல்ல. ஆனாலும் அவர்கள் அந்தப் பாசியைத் தேர்ந்ததற்கான காரணங்கள் மீனுக்கும் பொருந்துகின்றன. உலர்ந்த எடையில் நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு புரதம். குளோரெல்லாவுக்கு இருப்பது போன்ற கெட்டியான செல்லுலோஸ் சுவர் இதற்கில்லை, ஆகவே எளிதில் செரிக்கும். குளோரெல்லாவை நீரிலிருந்து பிரிக்கச் சுழற்றி வடிக்கும் எந்திரம் வேண்டும். ஸ்பைருலினா சுருள் இழையாக இருப்பதால் துணியில் வடித்தே எடுத்துவிடலாம், சாட் ஏரிக் கரையில் ஆப்பிரிக்கப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருவதும் அதைத்தான். மற்ற நுண்ணுயிர்கள் திணறும் காரத்தன்மையில், பி.எச். 9க்கும் 10.5க்கும் இடையில், இது செழிக்கிறது. பீட்டா கரோட்டினும் ஸியாஸாந்தினும் நிறைய. கறாராகப் பார்த்தால் இது பாசியே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. ஊர் வழக்கு பாசி என்றே சொல்வதால் நானும் விட்டுவிடுகிறேன். குறைகளும் உண்டு. கடல் மீனுக்கு இன்றியமையாத டி.எச்.ஏ. என்ற கொழுப்பு இதில் கிடையாது, அதற்கு ஐசோகிரைசிஸ் போன்ற வேறு நுண்பாசிகள் வேண்டும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் மீன்தூளில் இருக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே முழுத் தீனியையும் ஸ்பைருலினாவாக்க வேண்டும் என்று வாதிடுபவர்களோடு நான் இல்லை. நன்னீர் வண்ணமீன்களுக்குப் பெரும்பாலும் தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு போதும். மேயும் இனங்களுக்குக் கூட்டலாம். நோய் எதிர்ப்பைக் கூட்டும், ஆயுளை நீட்டும் என்றெல்லாம் சொல்லப்படுவதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன். நிறத்துக்கும் செரிமானத்துக்கும் உள்ள சான்றின் வலு அந்தக் கூற்றுகளுக்கு இல்லை.

கொளத்தூரில் கலர் மீன் வளர்ப்பவர்களிடம் இந்த வாதத்தை வைத்தால் வரும் முதல் எதிர்ப்பு விலை. ஸ்பைருலினாத் தூள் கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் விடப் பலமடங்கு விலை, மறுக்க முடியாது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று கிராம் எடையுள்ள பத்து மீன் ஒரு வீட்டுத் தொட்டியில் இருந்தால் மொத்தம் முப்பது கிராம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி என்றால் நாளுக்கு 0.6 கிராம், மாதத்துக்குப் பதினெட்டு கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு பாசி என்றால் இரண்டு கிராம்கூட வராது. வீட்டில் மீன் வளர்ப்பவருக்கு விலை ஒரு சாக்கு மட்டுமே. ஆயிரக்கணக்கில் வளர்ப்பவருக்கு நிலைமை வேறு, அவர் வளர்ச்சிக் காலம் முழுக்கக் கொடுக்கத் தேவையில்லை. தோலில் நிறமி சேரச் சில வாரங்கள் பிடிக்கும், ஆகவே விற்பதற்கு முந்தைய சில வாரங்களில் பாசித் தீவனத்துக்கு மாறினால் செலவு அடங்கும், மீன் நல்ல விலைக்கும் போகும். தூள் தண்ணீரைக் கலக்கிவிடுகிறது என்ற புகாரும் நியாயமானது. தூளாகத் தூவினால் பாதி அடியில் படிந்து அழுகும். மதுரைப் பக்கம் கஞ்சிப்பாசியிலிருந்தும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் எடுக்கும் அகரைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பாசித்தூளையும் மற்றத் தீனியையும் பிசைந்து, உறைந்த பின் துண்டு போட்டுக் கொடுத்தால் மீன் கொறித்துத் தின்னும், நீரும் தெளிவாக இருக்கும்.

விற்பதற்கு முன் நிறமேற்றுவது ஏமாற்று வேலைதானே என்று கேட்கலாம். வண்ணமீன் வணிகத்தில் ஏமாற்று உண்டு. கங்கைச் சமவெளி முதல் நம் ஊர்க் குளங்கள் வரை காணும் கண்ணாடி மீனின் ஒளி ஊடுருவும் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்ற வணிகம் உலகெங்கும் கண்டனத்துக்கு ஆளானது. ஹார்மோன் கொடுத்துக் குஞ்சிலேயே நிறம் வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். அவையெல்லாம் மீனுக்கு இயல்பில் இல்லாததைத் திணிப்பவை, மீனுக்குத் தீங்கானவை. பாசி செய்வது அதுவல்ல. ஓடையிலும் ஏரியிலும் அந்த மீனுக்கு இருந்திருக்க வேண்டிய நிறத்தைத்தான் அது திருப்பித் தருகிறது. பாசியை நிறுத்தினால் நிறம் மங்குவது உண்மை. அதனால் நிறம் பொய்யாகிவிடாது. சாப்பாட்டை நிறுத்தினால் எடையும்தான் குறையும், எடையைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு யோசனை எளிதாகத் தோன்றும். ஏரியிலேயே பாசி கிடக்கிறதே, அதை அள்ளி உலர்த்தி விற்றால் என்ன? இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இயற்கை நீரில் தனி இனமாக எதுவும் வளர்வதில்லை. நன்னீர் கலக்கும் இடங்களில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நஞ்சுள்ள நீலப்பச்சைப் பாசி சேர்ந்து வரலாம், அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். பாசிகள் நீரிலுள்ள கன உலோகங்களை உடலில் சேர்த்து வைப்பவை, தொழிற்சாலைகள் சூழ்ந்த வட சென்னைக் கரையோரத்தில் அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படலம் ஏற்கெனவே இறாலுக்கும் மடவைக்கும் சொந்தமானது. கண்ணாடித் தொட்டிக்காக அதைச் சுரண்டினால் மீனவரின் வலைதான் இளைக்கும். இதற்கு மாறாக வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு: சில கூழாங்கற்களை வெயில்படும் தொட்டி நீரில் போட்டு வைத்து, பச்சை படர்ந்ததும் எடுத்து மோலியும் செத்தக்கெண்டையும் உள்ள தொட்டிக்குள் வைத்தால் அவை மேய்ந்துவிடும். காசு செலவில்லை, ஆனால் நிறைய மீன் உள்ள தொட்டிக்கு இது காணாது.

ஆக, வளர்த்துத்தான் தீர வேண்டும். சுண்ணாம்புக்குளம் போன்ற ஊரில் மகளிர் குழுக்கள் தொட்டி கட்டி ஸ்பைருலினா வளர்ப்பது நடக்கக்கூடியதா? வெயிலும் வெப்பமும் போதுமான அளவு உண்டு, 35 டிகிரியை ஒட்டிய சூடு இந்தப் பாசிக்கு மிகவும் பிடிக்கும். வாங்கும் இடமான கொளத்தூர் அரைநாள் பயணத்துக்குள் இருக்கிறது. மீன்வளக் கல்லூரி பக்கத்திலேயே பொன்னேரியில் இருக்கிறது. தடைகளும் அதே மண்ணில் இருக்கின்றன. ஸ்பைருலினா வளர்க்க 1966இல் ஸரூக் என்ற ஆய்வாளர் வகுத்த ஊடகத்தில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். கடலோர உவர்நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி என்பதால் அதில் பைகார்பனேட்டைக் கொட்டினால் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்து வீணாகும். முதலில் அந்த உப்புகளைப் படியவைத்து நீக்க வேண்டும், அல்லது மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்த வேண்டும். காரத்தைக் கூட்டுவதற்கென்று கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போடலாமே என்று தோன்றும், அது இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த தொட்டி நிரம்பி வழிந்தால் வளர்ப்பு கெட்டுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை என்ன செய்தது என்பது யாருக்கும் மறந்திருக்காது. கூரையில்லாமல் தொடங்கவே கூடாது. உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். கருவாட்டைப் போல நேர் வெயிலில் பரப்பினால் எந்தக் கரோட்டினாய்டுக்காகப் பாடுபட்டோமோ அதையே வெயில் அழித்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், மெல்லிய இழைகளாகப் பிழிந்து விரைவாக உலர்த்த வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது. பாசியைத் தனிச் சரக்காக விற்பதைவிட, பாசி தின்னும் உள்ளூர் மீனோடு சேர்த்து விற்பதே இந்தக் கிராமங்களுக்குப் பொருந்தும். செத்தக்கெண்டையும் அதன் நெருங்கிய உறவினமான ஆரஞ்சுக் குரோமைடும் உலக வண்ணமீன் சந்தையில் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றவை. உவர்நீரிலேயே வளர்பவை, இந்த ஏரியின் பிள்ளைகள். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் செத்தக்கெண்டைக்கான இனப்பெருக்க முறையை வகுத்துத் தந்திருக்கிறது. காட்டு மீனைப் பிடித்து விற்காமல் தொட்டியில் பொரிக்கவைத்து, பாசித்தீனியால் நிறமேற்றி அனுப்பினால் தீனிச் செலவும் வருமானமும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். தனித் தூள் விற்பதில், ஊனையூர் ஸ்பைருலினாப் பண்ணை போன்ற பெரிய உற்பத்தியாளர்களோடு விலையில் மோத வேண்டிவரும், அந்தப் போட்டியில் சிறு குழு தாக்குப்பிடிப்பது கடினம்.

வாசகர் தம் வீட்டுத் தொட்டிக்குத் தீவனம் வாங்கப் போகும்போது ஒன்றைச் செய்யலாம். டப்பாவின் முன்பக்கத்தில் ஸ்பைருலினா என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்து எடுத்துவிடாமல், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நேர்மையான தயாரிப்பாளர்கள் சேர்மானங்களை எடை வரிசையில் அச்சிடுகிறார்கள். மீன்தூள், கோதுமை, சோயா, எண்ணெய், வைட்டமின் எல்லாம் வந்துபோன பிறகு கடைசி வரியில் ஸ்பைருலினா தலைகாட்டினால், அதை வாங்காதீர்கள்.